வலது முட்டியும் இடது முட்டியும்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று எழுதினால் "நலமாம் நலம்" என்று தாளைத் திருப்பிப் போட்டுவிடுவாய். அதனால் அதைக் கேட்காமலே தொடங்குகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் அம்மா போன இந்த நாலு வருஷத்தில் நாம் மூன்று தடவை பேசினோம், மூன்று தடவையும் நீ பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். மனசு வந்தால் எடுத்துப் படிக்கலாம். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் என் சங்கதி. ஏழெட்டு மாதமாக எனக்கு விரல் கணுக்களில் வலி. காலையில் பால் பாக்கெட்டைக்கூடக் கிழிக்க முடியாமல் பல்லால் கடிக்கிறேன். "கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டி வந்திருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன மாதம் வங்கியில் கையெழுத்துப் போடும்போது குனிந்து பார்த்தேன். மேசைமேல் இருந்தது என் கை இல்லை, அம்மாவின் கை. அதே இடத்தில் பட்டாணி பட்டாணியாகப் புடைப்பு. சுட்டுவிரல் நுனி அதே மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பின்னால் நின்றவர் "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்கும்வரை பேனாவைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தது உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக என்னை மூட்டுப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. மூட்டுத் தேய்மானம் சில குடும்பங்களில் மட்டும் ஏன் ஆளுக்கு ஆள் வருகிறது, பிறவியிலேயே உடம்பில் எழுதியிருக்கும் எது அதற்குக் காரணம் என்று பார்க்கிறார்கள். என் வேலை பெரியது ஒன்றும் இல்லை. வருகிற குழாய்களுக்கு எண் ஒட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, பெட்டியில் அடுக்கி, குளிர் அறையில் வைப்பது. ஆயிரத்து நானூறு பேருடைய எச்சில் என் கை வழியாகப் போயிருக்கிறது. அக்கா தங்கை இருவருக்கும் இருந்தால் அவர்களுக்கு அது மிகவும் உபயோகம் என்கிறார் எங்கள் டாக்டரம்மா.

உனக்கும் முட்டி வலி என்று போன தடவை போனில் சொன்னாய், வைப்பதற்கு முன்னால். இத்துடன் ஒரு குழாயும் ஒரு படிவமும் வைத்திருக்கிறேன். குழாயில் கோடு வரைக்கும் எச்சில் வேண்டும். படிவத்தில் எத்தனை வருஷமாக வலி, என்ன வேலை என்றெல்லாம் கேள்வி இருக்கும். தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடாதே.

என் மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். பெரியம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உன்
சின்னவள்


பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. பாதியில் வைக்கவில்லை. வேலை விட்டு வந்து படியில் உட்கார்ந்துகொண்டே படித்தேன். மூன்றாவது மாடி அல்லவா, முதல் திருப்பத்தில் ஒரு தடவை உட்காருவேன், இரண்டாவது திருப்பத்தில் ஒரு தடவை. உன் கடிதம் இரண்டு உட்காருதலுக்கும் சரியாக இருந்தது.

விரல் வலி என்கிறாய். பாவம்தான். ஒரு கத்தரிக்கோல் வாங்கி அடுப்படியில் மாட்டிவை, பல்லாவது மிஞ்சட்டும்.

என் கதையையும் கேட்டுக்கொள். தீபோல எரிகிறது என்று எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "பாருங்கம்மா, எலும்பும் எலும்பும் உரசுது. நடுவுல மெத்தை மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கணும், சுத்தமா போயிருச்சு. ரெண்டு முட்டியையும் மாத்தறதுதான் வழி" என்றார். "மாத்தினா எத்தனை நாளைக்கு வேலைக்குப் போக முடியாது?" என்று கேட்டேன். ஒரு முட்டிக்கு மூன்று மாதமாம். எக்ஸ்ரே உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் படிவத்தில் "முட்டியில் அடிபட்டதுண்டா, அதிக பாரம் தூக்கியதுண்டா" என்று ஒரு கேள்வி, பதிலுக்கு ஒரே ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? நான் எந்தச் சலவைக் கம்பெனியில் நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக ஒரே மிஷின். துணியை விரித்து, வலது காலால் மிதியை அழுத்தினால் மேல் தகடு இறங்கும், ஆவி அடிக்கும். விட்டால் ஏறும். ஒரு நாளைக்கு எண்ணூறு மிதி. கீழே சிமெண்ட் தரை. வீட்டுக்கு வந்தால் அம்மா. ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், ஒன்பது வருஷம். காலையில் இரண்டு தடவை, சாயந்திரம் நாலு தடவை அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கினேன். இடது முட்டியைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்தால்தான் அவளைத் திருப்ப முடியும். பகலில் கீழ் வீட்டம்மா வந்து பார்ப்பாள், தூக்க மாட்டாள்.

ஆக, வலது முட்டி கம்பெனிக்குப் போனது. இடது முட்டி அம்மாவுக்குப் போனது. நீ சொல்லும் பரம்பரைக்குக் கொடுக்க என்னிடம் மூன்றாவது முட்டி இல்லை.

இருந்தாலும் குழாயை அனுப்பியிருக்கிறேன். கோடு வரைக்கும் சேர்க்க அரை மணி ஆயிற்று. இப்போதெல்லாம் வாய் உலர்ந்துவிடுகிறது. கடைசியில் உன்னை நினைத்துக்கொண்டேன், நிறைந்துவிட்டது.

ஒரு உதவி. கம்பெனியில் துணிகளுக்கு எண் சீட்டுக் குத்துகிற மேசை ஒன்று இருக்கிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற ஒரே வேலை அதுதான். அங்கே இருந்தவள் மகனோடு வேறு ஊருக்குப் போகிறாள். அந்த இடத்தைக் கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன். மேற்பார்வையாளர், எந்நேரமும் சீட்டி அடித்துக்கொண்டே வருவதால் அவனை விசில் என்போம், "வியாதி பத்தி விவரமா ஒரு பேப்பர் குடுங்க, கம்பெனி டாக்டர் பார்க்கணும்" என்கிறான். உன் ஆஸ்பத்திரியில் யாராவது எழுதித் தந்தால் மதிப்பாக இருக்கும். முடிந்தால் செய்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதை வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டினேன். எச்சில் நிறைந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார். எனக்கு நீ என்னிடம் கோபமாகவாவது பேசினாயே என்று இருந்தது. குழாய் ஒழுகாமல் வந்து சேர்ந்தது. நானே எண் ஒட்டினேன். ஒட்டிய பிறகு பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருக்கு என்ன வந்தது என்று தனி ஆளுக்குச் சொல்லமாட்டார்கள், எனக்கும் தெரியாது. எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால்தான் அவர்களுக்கு ஏதாவது தெரியுமாம்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூட்டுத் தேய்மானம், ஒரே ஒரு மரபணு கெட்டுப்போய் வருகிற வியாதி இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசங்கள். ஒன்று மூட்டின் குழி எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதைப் பற்றியது, இன்னொன்று குருத்தெலும்பின் நூல் எவ்வளவு உறுதி என்பதைப் பற்றியது, மற்றொன்று தேய்ந்த இடத்தை உடம்பு எவ்வளவு வேகமாகச் சரிசெய்யும் என்பதைப் பற்றியது. ஒவ்வொன்றும் ஒரு உப்புக்கல் அளவுதான். ஒரு கல் விழுந்தால் நாக்குக்குத் தெரியாது. சில குடும்பத்தில் கை நிறைய விழுந்துவிடுகிறது. விரலில் பரம்பரையின் பங்கு பாதிக்கு மேலே, முட்டியில் பாதிக்குக் கொஞ்சம் கீழே என்கிறார் டாக்டரம்மா. பெண்களுக்கு ஐம்பது தாண்டினால் இன்னும் கூடுகிறதாம்.

அம்மாவை நினைத்துப் பார். படுக்கையில் விழுவதற்கு முன்னாலேயே அவள் மாடிப்படியைப் பக்கவாட்டில்தானே இறங்குவாள்? அவள் எந்த மிஷினில் நின்றாள்? என்னை எடுத்துக்கொள். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, ஐம்பத்தொன்றில் எனக்கும் வந்துவிட்டது. இது எப்படியும் வந்திருக்கும் அக்கா. நீ என்ன செய்திருந்தாலும், செய்யாமல் இருந்திருந்தாலும். யார் மேலும் தப்பில்லை. இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. உனக்கும் அப்படி ஆகவேண்டும்.

நீ கேட்ட காகிதத்தை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு, உனக்கு, எனக்கு என்று குடும்பத்திலேயே இருக்கிறது, பரம்பரையாக வரும் மூட்டு நோய், தீவிரமானது என்று நானே எழுதி, பிரிவின் முத்திரை வைத்து, சின்ன டாக்டரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பரம்பரை நோய் என்றால் பயந்துகொண்டாவது நாற்காலியைக் கொடுத்துவிடுவார்கள்.

"அப்ப எனக்கும் வருமாம்மா?" என்று என் மகள் கேட்டாள். நாள் முழுக்க வார்டில் நிற்கப் போகிறவள். தெரியாது என்றேன்.

உன்
சின்னவள்


மார்ச் 14

சின்னவளுக்கு,

கம்பெனி டாக்டர் நேற்று என்னைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். உன் காகிதம் அவர் கையில் இருந்தது.

"உங்க அம்மாவுக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தங்கச்சிக்கும் இருக்கு. அவங்க உட்கார்ந்த வேலைதான் செய்றாங்க, இல்லையா?"

"ஆமா."

"அப்ப இது பரம்பரைம்மா. வேலையால வந்ததில்ல. வேலையால வந்திருந்தா மிதிக்கிற வலது கால்தானே போகணும், ரெண்டும் எப்படிப் போகும்? உங்க ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்திருக்கே."

இடது முட்டி எப்படிப் போனது என்று நான் அவரிடம் என்னவென்று சொல்வேன்? அவர் எழுதிக்கொண்டிருந்தார். பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை" என்று எழுதி, கீழே கோடும் போட்டார். நாற்காலி விசிலின் மைத்துனிக்குப் போகிறது. முப்பது வயசு, மாடிப்படியில் ஓடி ஏறுவாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளும் பிழைக்க வேண்டும்.

மிஷினுக்குத் திரும்பி வந்து மிதியில் காலை வைத்தேன். பக்கத்து மிஷின்காரி, "என்ன சொன்னாரு?" என்றாள். "நான் நிக்காம இருந்திருந்தாலும் வந்திருக்குமாம்" என்றேன். "நிக்காம இருந்து பாக்கச் சொன்னாரா?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முடிந்த பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

எப்படியும் வந்திருக்கும் என்று எழுதினாயே, அதை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? முட்டி போனதுகூடப் பெரிதில்லை. தூக்கினேன், அதனால் போனது என்று ஒரு காரணம் என்னிடம் இருந்தது. என்னிடம் வேறு என்ன இருக்கிறது? வீடு வாடகை வீடு. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றுவிட்டது. அந்த ஒன்றையும் நீ எடுத்துக்கொண்டு, மனசு லேசாக இருக்கிறது என்கிறாய். அம்மா போன அன்றும் போனில் "விடுதலை கிடைச்சிருச்சு" என்றாய். யாருக்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வைத்துவிட்டேன்.

உனக்கு லேசாக இருக்கட்டும். எனக்கு மூன்று மாடி ஏற வேண்டியிருக்கிறது. இனி எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். இரண்டு வாரம் எழுதாமல் இருந்து பார்த்தேன்.

நான் நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்தக் காகிதத்தை அனுப்பினேன். அது அப்படித் திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். நான் அந்தப் பிரிவில்தானே இருக்கிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சின்னவள்


ஏப்ரல் 29

அக்கா,

பதில் இல்லை. இருக்காது என்று தெரிந்தேதான் தினமும் தபால் பெட்டியைத் திறந்தேன். இதையும் படிக்காமல் வைத்துவிடாதே. உன் கம்பெனி விஷயமாக இரண்டு காகிதம் உள்ளே இருக்கிறது.

உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். நான் பெரிய டாக்டரிடம் நேரே போய் நிற்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். கம்பெனி டாக்டர் எழுதியதை வாசித்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதை யாரு எழுதிக் குடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். "பாதியை மட்டும் எழுதியிருக்கீங்க" என்றார்.

"பரம்பரை இருக்குன்னா வேலை காரணமில்லைன்னு யாரு சொன்னது? வலுவில்லாத மூட்டோட பொறந்தவங்களை சிமெண்ட் தரையில நிக்க வெச்சா மத்தவங்களைவிட சீக்கிரமா தேயும். பரம்பரை இருக்கிறதாலதான் அவங்களை முதல்ல உட்கார வெக்கணும்."

"அக்காவுக்கு வேலையால இவ்வளவு, எங்க அம்மாவைத் தூக்கினதால இவ்வளவு, பொறப்புல இவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா டாக்டர்?"

"முடியாது. ஆயிரம் பேரைச் சேர்த்து வெச்சா ஏதோ சொல்லலாம். ஒரு ஆளுக்குச் சொல்லவே முடியாது. நீங்களும் உங்க அக்காவும்கூட ஒரே அச்சு இல்ல. கூடப் பொறந்தவங்களுக்குள்ள பாதிதான் பொதுவா இருக்கும். அவங்களுக்கு உங்களைவிட ரெண்டு உப்புக்கல்லு கூடவே விழுந்திருக்கலாம்."

அதன்பின் என் முட்டியையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்தது. விரல் கணுவெல்லாம் தேய்ந்தவளுக்கு முட்டியில் இன்னும் இடைவெளி இருக்கிறது அக்கா. கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு. உனக்கு அந்தக் கோடு இல்லை என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை. நான் தூக்காததெல்லாம் அந்தக் கோட்டில் இருப்பதுபோல இருந்தது. டாக்டரம்மா கேட்டால் அப்படிச் சொல்லக்கூடாது, இரண்டு பேரை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்பார். சரிதான். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

முதல் காகிதம் அவர் எழுதியது. இரண்டாவது நான் எழுதியது, என் எக்ஸ்ரேயும் சேர்த்து. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: எங்கள் தாயார் ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தார். என் அக்கா வேலைக்கும் போய்க்கொண்டு தனியாக அவரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். நான் உதவவில்லை. எனக்கு நேரம் இருந்தது, உதவவில்லை. என் அக்காவின் இடது முட்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, இன்னொன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. இது கம்பெனிக்கு இல்லை, உனக்கு மட்டும்.

அம்மா படுக்கையில் விழுந்த இரண்டாவது வருஷம் நான் ஒரு மாதம் லீவு போட்டு வந்தேன், நினைவிருக்கிறதா? நாலாவது நாளே லீவு ரத்தாகிவிட்டது என்று கிளம்பினேன். ரத்தாகவில்லை. அன்று நீ வேலைக்குப் போன பிறகு நான் அம்மாவைத் தூக்கினேன். நீ செய்வதைப் பார்த்திருந்தேன், சுலபமாகத்தான் தெரிந்தது. பாதியில் என் கை நழுவி அம்மா தரையில் விழுந்துவிட்டாள். இடுப்பு கட்டில் சட்டத்தில் இடித்தது. அவளால் கத்த முடியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கீழ் வீட்டம்மாவைக் கூப்பிட வெட்கப்பட்டு, அரை மணி நேரம் இழுத்து இழுத்துக் கட்டிலில் ஏற்றினேன். சாயந்திரம் நீ வருவதற்குள் பையைக் கட்டிவிட்டேன்.

பிறகு போனில் நீ சொன்னாய், "அம்மா இடுப்புல பெருசா கன்னிப் போயிருக்கு. நான்தான் திருப்பறப்போ இடிச்சிட்டேன் போல, டாக்டர்கிட்ட அப்படித்தான் சொன்னேன்" என்று. நான் "பார்த்துச் செய்யக்கூடாதா?" என்று கேட்டேன். கேட்டேன் அக்கா. அதற்குப் பிறகு நான் தங்க வராததற்கு வேலை காரணமில்லை. பயம்.

பரம்பரை என்று அந்த ஆராய்ச்சி சொன்னபோது, அதை நான் பிடித்துக்கொண்டேன். உனக்காகப் பிடித்தேன் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

சின்னவள்


ஜூன் 16

சின்னவளுக்கு,

இரண்டு காகிதத்தையும் கொடுத்தேன். உன்னுடையதைக் கொடுப்பதா வேண்டாமா என்று நாலு நாள் கையில் வைத்திருந்தேன். உன்னைப் பற்றி ஊரார் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். பிறகு, எழுதியவளே வெட்கப்படவில்லை, நான் எதற்கு என்று கொடுத்துவிட்டேன்.

கம்பெனி டாக்டர் நின்றுகொண்டே படித்தார். அப்புறம் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். "எனக்கும் ஒரு அக்கா இருக்காங்க" என்றார். பழைய காகிதத்தைக் கிழிக்கவில்லை, அதெல்லாம் நடக்காது. புதிதாக ஒன்று எழுதினார்: பரம்பரையும் பணியும் இரண்டும் காரணமாக இருக்கலாம், நிற்கும் வேலை உகந்ததல்ல. விசில் இரண்டு நாள் சீட்டி அடிக்காமல் நடந்தான். ஒன்றாம் தேதியிலிருந்து மேசை எனக்கு.

உட்கார்ந்தேன். முதல் நாள் மணி அடிக்கும்வரை சுகமாகத்தான் இருந்தது. மணி அடித்ததும் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி அப்படியே இறுகிவிட்டது. எல்லோரும் போன பிறகு மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து எழுந்தேன். மறுநாளும் அப்படித்தான். இவ்வளவு மல்லுக்கட்டி வாங்கிய நாற்காலி, அதிலிருந்து எழுந்திருக்க ஒரு முட்டி வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் எலும்பு டாக்டரிடம் போய் மாற்றிவிடுங்கள் என்றேன். உட்கார்ந்த வேலை என்பதால் இரண்டு மாதத்தில் திரும்பலாமாம். இடத்தை வைத்திருப்பதாகக் கம்பெனியும் எழுதிக் கொடுத்திருக்கிறது.

எந்தக் காலை முதலில் செய்வது என்று கேட்டார். வலதைச் செய்யுங்கள் என்றேன். இடது இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும்.

இனி நீ கடைசியில் எழுதியது. எனக்குத் தெரியும். அன்று சாயந்திரமே தெரியும். பேச்சு இல்லாதவள் எப்படிச் சொன்னாள் என்று கேட்பாய். அந்தக் கன்னிப்போன இடத்தைப் பார்த்து நான் பதறியதும், நல்ல கையால் அலமாரி மேலிருந்த உன் போட்டோவைக் காட்டினாள். பிறகு தரையைக் காட்டினாள். பிறகு விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். நான்தான் இடித்தேன் என்று டாக்டரிடம் சொன்னது உன்னைக் காப்பாற்ற இல்லை. அம்மா கேட்டுக்கொண்டாள், சொன்னேன். உன்னிடமும் அப்படியே சொன்னேன், இப்போதாவது உண்மையைச் சொல்கிறாயா பார்க்கலாம் என்று. நீ பார்த்துச் செய்யக்கூடாதா என்றாய்.

பதினொரு வருஷம் சின்னவளே. அவளைத் தூக்கியது எனக்குப் பாரமாக இருந்ததில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட நீ இதை மறைத்தது கனமாக இருந்தது. கீழே போட்டதற்காக உன்மேல் கோபம் இல்லை. நானும் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது, அதற்குத்தான் கோபம். அது முழுக்கப் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது. கோபத்தையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற முடியவில்லை.

பரம்பரையைப் பற்றி யோசித்தேன். அம்மா கையிலிருந்து வந்தது உனக்கும் எனக்கும் வந்திருக்கிறது, சரி. எத்தனை கல் அவள் கொடுத்தது, எத்தனை கல் நானாகப் போட்டுக்கொண்டது என்று பிரிக்க முடியாது என்று உன் டாக்டரம்மாவே சொல்லிவிட்டாரே. அதுவே எனக்குப் போதும். தூக்கியது தூக்கியதுதான். உன் மகள் கேட்டாளே, எனக்கும் வருமா என்று. வரலாம் என்று சொல், ஒளிக்காதே. வார்டில் நாற்காலி கண்ணில் பட்டால் உட்காரச் சொல். உடம்பு கனக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல். மற்றதை அவள் படித்துத் தெரிந்துகொள்வாள்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் "உடன் இருப்பவர்" என்று ஒரு இடம் இருந்தது. கீழ் வீட்டம்மா பெயரைத்தான் எழுதப் போனேன். அவளுக்கே இப்போது ஆள் வேண்டும். உன் பெயரை எழுதிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. முதல் மூன்று வாரம் கட்டிலிலிருந்து எழும்போதும் குளியலறைக்குப் போகும்போதும் ஒருவர் வேண்டுமாம். பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம், "என் தங்கச்சிக்குத் தூக்கத் தெரியாதே" என்றேன். "தூக்கவே கூடாதும்மா. நீங்களாதான் எழுந்திருக்கணும். அவங்க பக்கத்துல நின்னா போதும்" என்றாள்.

ஜூலை நாலாம் தேதி காலை ஏழு மணிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். நீ மூன்றாம் தேதியே வந்துவிடு. பழைய புடவை இரண்டு கூடுதலாகக் கொண்டு வா, இங்கே துவைத்துக் காயவைக்க இடம் குறைவு. சாவி கீழ் வீட்டில் இருக்கும்.

நாலாவது நாள் கிளம்புவதாக இருந்தால் வராதே.

அக்கா